பத்து யூனிட் வரை

இதை எழுத எனக்கு என்ன தகுதி என்று யாராவது கேட்டால் தப்பில்லை. பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. கல்யாணமான புதிதில் வளைகுடாவில் இருந்த கணவருக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன். போன் வந்த பிறகு அதுவும் போயிற்று. நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் பக்கத்தில் இருக்கிறவளை முன்னே தள்ளிவிடுவேன். சர்ச்சில் வேதபாடம் வாசிக்க என் முறை வருகிற ஞாயிற்றுக்கிழமை எனக்குத் தலைவலி வந்துவிடும் என்பது எல்லோருக்கும் தெரியும். அப்படிப்பட்டவள் சோலார் மின்சாரத்தைப் பற்றி எழுத உட்கார்ந்திருப்பது அதிகப்படிதான். வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எழுதக் காரணம், பேச முடியாததுதான். எங்கள் வீட்டின் மேலே சோலார் பேனல் இருப்பதைப் பார்த்துவிட்டு, தாங்களும் வைக்க நினைக்கிறவர்கள் வாசலில் வந்து நின்று கேட்கிறார்கள். "ஒரு நாளைக்கு எத்தன யூனிட் வரும்?" எல்லோரும் கேட்பது இந்த ஒரே கேள்வி. ஒரு எண்ணைச் சொன்னால் சந்தோஷமாகப் போய்விடுவார்கள். எனக்கு வாய் வருவதில்லை. "சாயா குடிக்கியளா?" என்று கேட்டு அடுக்களைக்குள் போய்விடுவேன். அந்த ஒற்றை எண் எங்கள் வீட்டில் என்ன செய்தது என்பதை வாசலில் நின்று சொல்ல முடியாது.

எங்கள் வீடு தக்கலைக்கு மேற்கே, வேளிமலை தெரிகிற இடத்தில் இருக்கிறது. மனை என் அப்பா எனக்கு ஸ்திரீதனமாகக் கொடுத்தது. அதில் வீடு கட்டியது என் கணவர் சம்பாதித்த பணத்தில். பக்கத்து மனையில் என் தம்பி வீடு. நடுவில் இடுப்பளவு மதில். தம்பி மனைவி மீன்குழம்பு வைத்தால் ஒரு கிண்ணம் மதில் மேல் வரும். நான் மரச்சீனிக் கிழங்கு அவித்தால் ஒரு தட்டு அந்தப் பக்கம் போகும். மகள் வெளியூரில் நர்சிங் படிக்கப் போன பிறகு வீட்டில் நான் மட்டும்தான். ராத்திரி ஒரு சத்தம் கேட்டால் "மக்கா" என்று நான் ஒரு குரல் கொடுக்க, அவன் "என்ன அக்கா" என்று கேட்டுக்கொண்டே மதிலைத் தாண்டி வந்துவிடுவான். என் பிறந்த வீட்டில் எனக்கென்று மிஞ்சியிருந்தவன் அவன் ஒருவன்தான்.

இரண்டாயிரத்துப் பதினைந்துவாக்கில் எங்கள் வீட்டில் பேனல் வைத்தோம். அந்த யோசனை என் கணவருடையது. அவர் அங்கே பைப் ஃபிட்டர். ரூமில் கூட இருந்த யாரோ சொல்லி, வீட்டுக்கு மேலே சோலார் வைத்துவிட்டால் பிறகு கரண்டைப் பற்றி நினைக்கவே வேண்டாம் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. மார்த்தாண்டத்தில் கடை வைத்திருந்த ஒருவரை போனில் அவரே பிடித்தார். முன்னால் டிவி ரிப்பேர் கடை நடத்திய மனிதர்; பேச்சுக்காரர். சித்திரை மாதத்து ஒரு மத்தியானம் அவர் வந்து மேலே ஏறிப் பார்த்தார். வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. மொட்டைமாடி முழுக்க ஒரு துண்டு நிழல் கிடையாது. கன்னிமூலையில், அதாவது தென்மேற்கு மூலையில், தண்ணீர் டேங்க் உயரமான தூண்களின் மேல் இருந்தது. அதன் நிழல் அந்த நேரத்தில் கைப்பிடிச் சுவரைத் தாண்டி வெளியே விழுந்துகொண்டிருந்தது. அவர் அதைப் பார்த்தாரா என்று எனக்குத் தெரியாது. நான் பார்க்கவில்லை.

டேங்கைக் கன்னிமூலையில் வைக்கச் சொன்னது கொத்தனார். வீட்டிலேயே உயரமான பொருள் கன்னிமூலையில்தான் இருக்க வேண்டும் என்பார்கள். எங்கள் ஊரில் சர்ச்சுக்குப் போகிறவர்களும் கோயிலுக்குப் போகிறவர்களும் இந்த விஷயத்தில் ஒன்று. "நமக்கு இதுல எல்லாம் நம்பிக்கை உண்டுமா?" என்று நான் போனில் கேட்டதற்கு, என் கணவர் "நம்பிக்க வேற, வீடு வேற" என்று சொல்லிவிட்டார்.

மேலே பார்த்துவிட்டு இறங்கிய கடைக்காரர் நடையில் உட்கார்ந்து என் கணவரிடம் போனில் பேசினார். ஸ்பீக்கர் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது.

"அண்ணே, ஒங்க டெரஸுக்கு ரெண்டு கிலோவாட்டு தாராளம். ஒரு நாளைக்குப் பத்து யூனிட் வரை வரும்."

"எத்தன? கேக்கல்ல."

"பத்து யூனிட் வரை வரும்ணே."

"பத்து வரும். செரி. போடும்."

எங்கள் பேச்சில் 'வரை' என்பது 'வர' என்றுதான் ஒலிக்கும். 'வர வரும்' என்று வேகமாகச் சொன்னால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். அன்றைக்கு லைனும் விட்டுவிட்டுத்தான் கேட்டது. கணவர் காதுக்குப் போய்ச் சேர்ந்தது 'பத்து வரும்' என்பது மட்டும்.

வைகாசி முடிவதற்குள் எட்டு பேனலையும் வைத்துவிட்டார்கள். வேலையாட்களுக்கு அடுக்களையில் சாயா போட்டுக்கொண்டிருந்ததால் நான் அதிகம் வெளியே வரவில்லை. பேனலிலிருந்து வரும் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றுகிற பெட்டியை மாடிப்படிக்குக் கீழே மாட்டினார்கள். அன்றன்றைக்கு எத்தனை யூனிட் வந்தது என்பதை அது காட்டும். சாயங்காலம் அதைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டும் என்று கணவர் சொன்னார். அனுப்பினேன். முதல் வாரம் எட்டரை, எட்டு என்று வந்தது. பிறகு மழை பிடித்துக்கொண்டது.

எங்கள் பக்கத்தில் ஆனி, ஆடி எப்படி இருக்கும் என்று இங்கே இருக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆரல்வாய்மொழிப் பக்கம் வெயில் காய்கிற அதே நேரத்தில் இங்கே மலையை மூடிக்கொண்டு மேக மூடாப்பு நிற்கும். நாலு யூனிட் வந்தது. ஒரு நாள் இரண்டுக்கும் கீழே போனது.

"என்னட்டி, நாலு காட்டுது?"

"மழையில்லா பெய்யுது."

"மழ ஒரு மணிக்கூறு பெய்யும். மிச்ச நேரம் வெயிலு இல்லியா?"

"நாள் முழுக்க மூடிக் கெடக்கு."

"நீ அனுப்பின படத்துல வெளிச்சம் தெரியுதே. இங்க வெயிலு ஆளக் கொல்லுது. அங்க மட்டும் என்ன?"

அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இருபது வருஷமாக மேகம் இல்லாத ஊரில் நின்று பைப்பு பூட்டுகிற மனிதர். லீவில் வருவதும் இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை, கிறிஸ்துமஸுக்குத்தான். ஆடி மாதத்து வானத்தை அவர் கடைசியாகப் பார்த்தது கல்யாணத்துக்கு முன்பு. அவர் கணக்குப் போட்டது அங்கே அவர் தலைமேல் அடித்த வெயிலை வைத்து.

ஐப்பசியில் காலையில் வெயில் அடித்தாலும் மத்தியானம் இடி வந்துவிடும். அந்த மாதமும் நாலு, ஐந்து என்று போயிற்று. நான் காலையில் மேலே போய் ஈரத்துணியால் பேனல்களைத் துடைத்துவிட்டு வருவேன். எண் குறைவாக வந்த நாளில் படம் அனுப்பக் கை கூசும். பரீட்சையில் தோற்ற பேப்பரில் அப்பாவிடம் கையெழுத்துக் கேட்கிற மாதிரி இருக்கும். மழைக்கு நான் பொறுப்பில்லை என்று புத்திக்குத் தெரியும். ஆனாலும் நான் ஏதோ சரியாகச் செய்யவில்லை என்ற எண்ணம் போகவில்லை. துணி துவைக்கிற மெஷினை நிறுத்திவிட்டுக் கல்லில் துவைத்தேன். வந்த யூனிட்டுக்கும் நான் செலவழிக்கிற யூனிட்டுக்கும் சம்பந்தம் இல்லை என்பதுகூட அப்போது எனக்குத் தெரியவில்லை.

கார்த்திகை பாதியில் மழை ஓய்ந்தது. வானம் கழுவிவிட்ட மாதிரி நீலமாக இருந்தது. எனக்கு அத்தனை சந்தோஷம். அவரிடம் நானே வாயைக் கொடுத்தேன். "இனி பாருங்க, பத்து வரும்" என்றேன்.

ஆறு வந்தது. மறுநாளும் ஆறு. மார்கழி பிறந்ததும் ஐந்தரைக்கு இறங்கியது. வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை.

அன்றைக்குப் படம் அனுப்பிய பிறகு அவர் கூப்பிட்டார். குரல் தணிந்திருந்தது. அவர் கோபப்பட்டால் எனக்குப் பழக்கம், தணிந்தால்தான் பயம்.

"ஏட்டி, ஒண்ணு கேட்டா வருத்தப்படப் பிடாது. மேல பத்து வருது. பெட்டியில அஞ்சர காட்டுது. நடுவுல நாலர எங்க போச்சு?"

"எனக்குத் தெரியாது."

"பைப்புல தண்ணி கொறஞ்சா எடையில எங்கயோ ஓட்ட. இல்லேன்னா ஒருத்தன் எடையில குழாய் போட்டு எடுக்கான். வேற என்ன இருக்கு?" பிறகு கேட்டார்: "ஒனக்க தம்பி வீட்டுக்கு ஒயரு ஏதும் போகுதா?"

இல்லை என்று உடனே சொல்லியிருக்க வேண்டும். என் வாய் அப்படிப்பட்டது அல்ல. அதோடு ஒரு சின்ன விஷயம் குறுக்கே வந்தது. தம்பி மனைவியின் அயர்ன்பாக்ஸ் கெட்டுப்போய், பிள்ளைகளின் யூனிஃபார்மை இரண்டு மூன்று தடவை எங்கள் வீட்டில் வந்து தேய்த்துக்கொண்டு போயிருந்தாள். அதைச் சொல்லலாமா வேண்டாமா என்று நான் யோசித்த நேரத்தை அவர் வேறு மாதிரி எடுத்துக்கொண்டார்.

"செரி. வை" என்றார்.

அன்று முழுக்க என் மனதில் இருந்தது ஒன்றுதான். அவர் என்னைச் சந்தேகப்பட்டால் பரவாயில்லை. அடுத்த வருஷம் லீவில் வரும்போது தீர்ந்துவிடும். இது தம்பி காதில் மட்டும் விழக் கூடாது. அவன் மானஸ்தன். அப்பா மனையைப் பிரித்தபோது எனக்கு ரோட்டோரம் விட்டுக்கொடுத்துவிட்டு உள்பக்கத்தை எடுத்துக்கொண்டவன்.

சனிக்கிழமை காலையில் என் நாத்தனார் வந்தாள். என் கணவரின் தங்கை. குலசேகரம் பக்கத்தில் கட்டிக்கொடுத்திருக்கிறது. கையில் ஒரு சீப்பு மட்டி வாழைப்பழம். சொல்லாமல் வருகிறவள் அல்ல.

"மைனி, சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன். இந்தப் பேனலு பேனலுன்னு அண்ணன் சொல்லியானே, நான் இன்னும் கண்டதில்ல."

மேலே கூட்டிக்கொண்டு போனேன். அவள் பேனலைப் பார்க்கவே இல்லை. ஒயர் எங்கே தொடங்குகிறது என்று பார்த்தாள். விரலை அதன்மேல் வைத்துக்கொண்டே சுவரோரம் நடந்தாள். கீழே இறங்கி, பெட்டி வரைக்கும் வந்து, திரும்பவும் வெளியே போனாள். நான் பின்னாலேயே போனேன். என் வீட்டில் நான் திருடி மாதிரி நடந்தேன். அவளுக்கும் சங்கடமாக இருந்திருக்கும். முகத்தைப் பார்க்காமல்தான் பேசினாள்.

வீட்டின் பக்கச்சுவரில் ஒரு பச்சை ஒயர் மேலேயிருந்து இறங்கி, தம்பி வீட்டு மதிலின் அடியில் மண்ணுக்குள் போயிருந்தது. அவள் அங்கே நின்றுவிட்டாள்.

"இது எங்க போகுது மைனி?"

"அது எர்த்துன்னு சொன்னாவ."

"எர்த்துன்னா?"

எனக்கு அதற்கு மேல் தெரியாது. "மண்ணுக்குள்ள போறது" என்றேன்.

"மண்ணுக்கு எதுக்கு மைனி கரண்டு?" அவள் மதிலுக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தாள். தம்பியின் அடுக்களை ஜன்னல் அங்கேதான் இருந்தது. "மண்ணுக்குள்ள போச்சுன்னா எங்கயாவது வெளிய வரணும்லா."

போனை எடுத்து அந்த இடத்தைப் படம் பிடித்தாள். அப்போது தம்பி மதிலுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றான். எவ்வளவு நேரமாகக் கேட்டுக்கொண்டிருந்தான் என்று தெரியவில்லை.

"என்னத்தத் தேடுதிய?" என்று அவளிடம் கேட்டான்.

"ஒண்ணுமில்ல. அண்ணன் பாக்கச் சொன்னான்."

"எனக்க வீட்டுக்கு ஒயரு வருதான்னா?"

அவள் போனை மறைத்துக்கொண்டாள். அவன் என்னைப் பார்த்தான். நான் மட்டிப்பழச் சீப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அதை எதற்காக வெளியே எடுத்துக்கொண்டு வந்தேன் என்று இன்றைக்கும் தெரியாது.

அவன் உள்ளே போய் மண்வெட்டியோடு மதிலைத் தாண்டி வந்தான். "தோண்டிருவோம். எங்க போகுதுன்னு எல்லாருமாப் பாப்போம்" என்று ஒயர் இறங்கிய இடத்தில் வெட்டத் தொடங்கினான். வேண்டாம் என்று சொல்ல நினைத்தேன். மண் இளகிய மண். சீக்கிரம் குழி விழுந்தது. ஒயர் ஒரு இரும்புக் குழாயின் தலையில் முடுக்கியிருந்தது. அதற்கு மேல் எங்கும் போகவில்லை. குழாயைச் சுற்றி மண் கறுப்பாக இருந்தது. அவன் இன்னும் வெட்டினான். அடுப்புக்கரி கட்டி கட்டியாக வந்தது. கரிக்கு நடுவே வெள்ளையாக, ஈரம் பிடித்த கல்லுப்பு.

நாத்தனார் இரண்டு அடி பின்னால் போனாள்.

"யேசுவே! கரியும் உப்புமா? இது கூடோத்திரமாக்கும்!"

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு குடும்பம் விளங்காமல் போவதற்காக அந்த வீட்டு மண்ணில் எதையாவது ஓதிப் புதைத்து வைப்பதை எங்கள் பக்கத்தில் கூடோத்திரம் என்பார்கள். கரியும் உப்பும் அதற்கென்றே உள்ள சாமான்.

"எனக்க அண்ணன் வேர்வ சிந்திக் கெட்டின வீடு. அவன் வயித்துல அடிக்க யாரு இத வச்சது?" என்று அவள் மதிலின் அந்தப் பக்கம் பார்த்துக் கேட்டாள். அடுக்களை ஜன்னலில் தம்பி மனைவி நின்றிருந்தாள். "நானா வச்சேன்? எனக்க பிள்ளையள் மேல சத்தியமா…" என்று அவள் அழ ஆரம்பித்தாள்.

கரண்டுத் திருட்டு அதோடு போயிற்று. அதைவிடப் பெரியது வந்துவிட்டது.

தம்பி மண்வெட்டியைக் கீழே போட்டான். அவன் நாத்தனாரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தான். நான் ஒரு வார்த்தை சொல்வேன் என்று காத்து நின்றான். அவன் மனைவியைக் காட்டி 'இவ அப்பிடிப்பட்டவ இல்ல' என்றால் போதும். நான் குனிந்து அந்தக் குழியையே பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த ஒரு கணம் நான் கூடோத்திரத்தை நம்பினேனா என்று பிறகு பலமுறை என்னையே கேட்டிருக்கிறேன். நம்பவில்லை என்று முழுதாகச் சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை. அத்தனை மாதமாக எண் குறைந்ததற்கு ஒரு காரணம் கிடைத்ததே என்று மனதின் ஒரு ஓரம் ஆறுதல்கூடப் பட்டது.

அவன் மதிலைத் தாண்டித் தன் வீட்டுக்குப் போனான்.

மறுநாள் சர்ச்சில் எனக்கு முன் வரிசையில் இருந்த இரண்டு பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஆராதனை முடிந்து செருப்பு மாட்டும்போது ஒருத்தி மெல்லக் கேட்டாள்: "வீட்டுல ஏதோ தோண்டி எடுத்தியளாமே?" தம்பி குடும்பம் அன்றைக்கு வரவில்லை. வீட்டுக்கு நடந்து வருகிற வழியில் எனக்கு ஏற்பட்டது என்ன என்று எழுதத் தெரியவில்லை. நாணக்கேடு என்று எங்கள் பக்கம் சொல்லுவோம். அந்த வார்த்தைதான் வருகிறது.

வீட்டுக்கு வந்ததும் கடைக்காரரின் எண்ணைத் தேடி எடுத்து நானே கூப்பிட்டேன். அந்நிய ஆண் ஒருவருக்கு நானாகப் போன் செய்தது அதுதான் முதல் தடவை. "ஒரு குழிய நீங்க வந்து பாக்கணும்" என்று மட்டும் சொன்னேன்.

திங்கட்கிழமை மத்தியானத்துக்கு மேல் அவர் வந்தார். குழியைப் பார்த்தார். நான் தட்டுத்தடுமாறி விஷயத்தைச் சொன்னதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"அக்கா, அப்பிடிப் பாத்தா இந்த ஜில்லாவுல எத்தன வீட்டுக்கு நான் கூடோத்திரம் வச்சிருக்கேன்! இடி விழுந்தா மண்ணுக்குப் போகட்டும்னு வைக்கிறதாக்கும். மண்ணுல ஈரம் நிக்கணும், அதுக்குத்தான் கரியும் உப்பும்."

அவர் சத்தமாகத்தான் சொன்னார். மதிலுக்கு அந்தப் பக்கம் கேட்டிருக்கும். தம்பி மதிலைத் தாண்டி வந்து குழியை மூட ஆரம்பித்தான்.

"பின்ன எதுக்கு அஞ்சர வருது?" என்று நான் கேட்டேன். நானா கேட்டேன் என்று எனக்கே ஆச்சரியம்.

"வாங்க பாப்போம்" என்று மேலே ஏறினார். நான் பின்னால் போனேன். மத்தியான நேரத்தில் நான் மொட்டைமாடிக்குப் போவதில்லை. காலையில் துடைப்பதோடு சரி. மேல்படியில் கால் வைத்ததும் அவர் சிரிப்பு நின்றது. கன்னிமூலை டேங்கின் நிழல் தூணும் தலையுமாக நீண்டு வந்து மூன்று பேனல்களின் மேல் கிடந்தது.

அவர் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்துவிட்டார்.

"நான் வந்தது சித்திரையில. அப்ப சூரியன் நம்ம தலைக்கு வடக்க நிக்கும். நெழலு தெக்க போயிரும். இப்ப மார்கழி, சூரியன் தெக்க சாஞ்சு போகுது. நெழலு வடக்க வருது. எல்லாப் பேனலும் கைகோத்து நிக்கிற மாதிரியாக்கும் அக்கா. மூணு சோந்தா மத்ததையும் இழுத்துரும்." தலையைச் சொறிந்துகொண்டார். "இந்த ஊருல எவன் டெரஸுல ஏறினாலும் டேங்கு கன்னிமூலையிலதான் இருக்கும். எனக்குத் தோணியிருக்கணும். கம்பெனி குடுத்த கணக்க அப்பிடியே சொல்லிட்டுப் போயிட்டேன். அது நல்லா வெயிலடிக்கிற ஏதோ ஒரு ஊருக்கு உள்ள கணக்கு."

கீழே வந்து என் கணவரைக் கூப்பிட்டேன். அங்கே சாப்பாட்டு நேரம். தம்பியும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரைப் போட்டு, குழிக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டேன். கடைக்காரர் எர்த்தைச் சொன்னார். நிழலைச் சொன்னார். கடைசியில், "அண்ணே, பத்து யூனிட் வரைன்னுதான் நான் அன்னைக்குச் சொன்னேன்" என்றார்.

"வரும்னுதான் நான் கேட்டேன்."

"வரை வரும்னு சொன்னேன்ணே."

"அந்த வரைய எங்க வச்சு சொன்னீரு? எனக்க காதுல விழல்லியே."

"நானும் அத மெதுவாத்தான் சொல்லுவேன்" என்றார் கடைக்காரர். அப்படி ஒப்புக்கொள்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பிறகு, ஒரே எண்ணாகச் சொல்லாமல் மாதமாதமாகச் சொன்னார். மாசி, பங்குனியில் ஒன்பது. சில நாள் பத்தைத் தொடும். சித்திரையில் எட்டு. ஆனி, ஆடியில் மலைமேல் மூடாப்பு நின்றால் பாதிகூட வராது. ஐப்பசியில் காலை வெயிலை மட்டும்தான் நம்பலாம். மார்கழியில், டேங்க் அங்கேயே இருந்தால், ஐந்தரைதான் கணக்கு. அது குறைவு இல்லை.

யாராவது என்னிடம் கேட்டால் நான் சொல்ல நினைப்பதும் இதுதான். பார்க்க வருகிறவரிடம் ஒரு நாளைக்கு எத்தனை என்று கேட்காதீர்கள். மாதத்துக்கு மாதம் எத்தனை என்று கேளுங்கள். எந்த மாதத்தில் அவர் உங்கள் மேல்மாடியில் நிற்கிறார் என்று பாருங்கள். மற்ற மாதங்களில் டேங்க் நிழலும் தெங்கின் ஓலை நிழலும் எங்கே விழும் என்று கேளுங்கள். எங்கள் டேங்க் இன்றைக்கும் கன்னிமூலையில்தான் இருக்கிறது. அதை மாற்ற என் கணவர் சம்மதிக்கவில்லை. கணக்கைத்தான் மாற்றிக்கொண்டோம். சொல்லிவைத்தபடி வருவதால் இப்போது ஐந்து வந்தாலும் யாருக்கும் வருத்தம் இல்லை.

அன்றைக்குப் போனில் என் கணவர் மாதக் கணக்கை முழுக்கக் கேட்டார். பிறகு, "பத்து வரும், பத்து வரும்னு ரூம்ல நான் சொல்லி ரெண்டு பேரு ஊருல பேனல் வச்சிட்டானுவ. இனி அவனுவ மூஞ்சில எப்பிடி முழிப்பேன்?" என்றார். அவர் குரலில் அப்படி ஒரு கூச்சத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை. எனக்கு அவர் மேல் இரக்கம்தான் வந்தது.

"அது கெடக்கட்டும். தம்பிகிட்ட ஒரு வார்த்த சொல்லுங்க" என்றேன்.

"அவன் நிக்கானா?"

"நிக்கான்."

"குடு."

போனை நீட்டினேன். தம்பி மண்ணை மிதித்து இறுக்கிக்கொண்டிருந்தான். நிமிர்ந்து போனைப் பார்த்தான். உள்ளங்கை இரண்டையும் விரித்துக் காட்டினான். கரி அப்பியிருந்தது.

"கையெல்லாம் அழுக்கா இருக்கு. அத்தான்கிட்ட பொறவு பேசிக்கிடுதேன்னு சொல்லு."

"ஸ்பீக்கர்லதான் இருக்கு மக்கா. அப்பிடியே பேசு."

"பொறவு பேசிக்கிடுதேன்."

போனிலிருந்து "லேய் மக்கா" என்று ஒரு தடவை கேட்டது. தம்பி குனிந்து மண்வெட்டியை எடுத்தான். "செரி, எனக்கு வேலைக்கு நேரமாச்சு" என்று அவர் வைத்துவிட்டார். கடைக்காரர் எதையோ மறந்தவர் போல வண்டிப் பக்கம் போனார்.

நான் தம்பியிடம், "அவ அப்பிடிச் சொன்னதுக்கு நான் என்ன செய்வேன் மக்கா" என்றேன்.

"அவ சொன்னதுல எனக்கு ஒண்ணுமில்ல. அவ அந்நியத்தி. நீ நின்னுட்டு இருந்தல்லா அக்கா" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. காலால் மண்ணைச் சமப்படுத்திவிட்டு, "கரி கொறஞ்சு போச்சு. அந்த ஆளு கேட்டா இன்னும் கொஞ்சம் போடச் சொல்லு" என்று சொல்லி மதிலைத் தாண்டினான்.

சாயங்காலம் மீன்குழம்பு வைத்து ஒரு கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு மதிலருகே போனேன். அவர்கள் பின்வாசல் சாத்தியிருந்தது. கூப்பிட நினைத்தேன். கிண்ணத்தை மதில் மேல் வைத்தால் பூனை தட்டிவிடும் என்று திரும்பக் கொண்டுவந்துவிட்டேன்.

மறுநாள் காலையில் தம்பி வீட்டுக்குக் கொத்தனார் வந்தார். மதிலை மூன்று வரிசை கல் உயர்த்தி என் கழுத்தளவுக்குக் கட்டினார்கள். மத்தியானத்துக்குள் வேலை முடிந்தது.